பேட் கான்ராய் இறந்தபோது வாசகர்கள் ஏன் தங்கள் அப்பாவைப் பற்றி எழுதினார்கள்?

கேள்வி இதுதான்: "அமெரிக்கத் தென்மாநில நாவலாசிரியர் பேட் கான்ராய் 2016ல் இறந்தபோது வாசகர்கள் எழுதிய நினைவுக் குறிப்புகளைப் படித்தேன். நாவலைப் பற்றி நாலு வரிதான் இருக்கிறது. அப்புறம் தங்கள் அப்பா, வீட்டுச் சண்டை, பள்ளி ஆசிரியர் என்று எங்கேயோ போய்விடுகிறார்கள். இவர் என்ன மாதிரி எழுத்தாளர்? படிக்கலாமா, எதிலிருந்து?"

படிக்கலாம். எதிலிருந்து என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதல் பாதிதான் சுவாரஸ்யமானது.

தன் வீட்டில் நடந்ததை நாவலாக்கிய எழுத்தாளர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பெரும்பாலானோர் எழுதிவிட்டு ஊரைவிட்டுத் தள்ளிப் போய்விடுவார்கள்; போகாவிட்டால் உறவு அறுந்துவிடும். கான்ராய் விஷயத்தில் கதை வேறு. அடித்த அப்பாவை எழுதினார், வதைத்த கல்லூரியை எழுதினார், வேலையைப் பறித்த கல்வி நிர்வாகத்தை எழுதினார். எழுதிய பிறகும் அதே மனிதர்களோடு பல வருஷம் முட்டிமோதிக்கொண்டே இருந்தார். அப்பாவோடும் கல்லூரியோடும் கடைசியில் ராசியும் ஆனார். அந்தச் சண்டையும் சமாதானமும் ஒவ்வொரு புத்தகமாக வாசகர்களின் கண்ணெதிரே நடந்தன. 1976ல் அவரைப் படிக்கத் தொடங்கிய ஒருவர் 2013ல்தான் அப்பா கதையின் முடிவைப் படித்திருப்பார். அவ்வளவு காலம் ஒரு வீட்டுச் சண்டையைக் கூடவே இருந்து பார்த்தவருக்குத் தன் வீடு ஞாபகம் வராமல் இருக்காது.

அப்பாவிலிருந்து தொடங்குகிறேன், எல்லாம் அங்கிருந்துதான்.

டொனால்ட் கான்ராய் சிகாகோவின் ஐரிஷ் கத்தோலிக்கர், மரீன் படையில் போர்விமானி. அம்மா பெக்கி அலபாமாக்காரர். ஏழைக் குடும்பத்தில் பிறந்து, தெற்கத்திக் கனவானின் மனைவி போல வாழ ஆசைப்பட்டவர். பிள்ளைகளுக்கு 'கான் வித் த விண்ட்' நாவலை உரக்கப் படித்துக் காட்டியவர். அவர்களுக்கு ஏழு பிள்ளைகள். மூத்தவர் பேட், 1945 அக்டோபர் 26ல் அட்லான்டாவில் பிறந்தார். அப்பாவுக்கு மாற்றல் வரும்போதெல்லாம் மூட்டைகட்டிக்கொண்டு ஒரு படைத்தளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வாழ்க்கை. பள்ளிகள் மாறிக்கொண்டே இருந்தன. மாறாத ஒன்று, வீட்டுக்குள் விழுந்த அடி. மனைவிக்கும் அடி, பிள்ளைகளுக்கும் அடி. வெளியே சொல்லக்கூடாது, ராணுவக் குடும்பத்தில் அது அப்பாவின் பதவி உயர்வோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

பதினைந்து பதினாறு வயதில் தென் கரோலினாவின் பியூஃபோர்ட் நகரத்துக்கு வந்து சேர்ந்தார். கடலோரத் தாழ்நிலம், சுற்றிலும் தீவுகள், நடுவில் உப்புச் சதுப்பு. அலையேற்றத்தில் புல் முழுக்கத் தண்ணீருக்குள் போகும், இறக்கத்தில் சேறும் சிப்பியும் மேலே வரும். எந்த ஊரும் சொந்த ஊரில்லை என்றிருந்த பையன், இனி இதுதான் என் ஊர் என்று முடிவுகட்டிவிட்டார். வாழ்நாளின் பெரும்பகுதி எழுத்து இந்தச் சதுப்பைச் சுற்றித்தான்.

'த கிரேட் சான்டினி' 1976ல் வந்தது. அதில் தன்னையே 'கிரேட் சான்டினி' என்று அழைத்துக்கொள்ளும் புல் மீச்சம் என்ற விமானி தன் குடும்பத்தைப் படைப்பிரிவு போல நடத்துகிறான். மூத்த மகன் கூடைப்பந்தில் முதல் தடவையாக அப்பனை ஜெயிக்கிறான். தோற்ற அப்பன் பையனைத் துரத்திக்கொண்டே போய் அவன் தலையிலேயே பந்தைத் தட்டுகிறான், அழு அழு என்று. 1979ல் வந்த படத்தில் ராபர்ட் டுவால் செய்த அந்தக் காட்சியைப் பார்த்த யாரும் சுலபத்தில் மறப்பதில்லை. நாவலின் முடிவில் மீச்சம் விமான விபத்தில் சாகிறான். எரியும் விமானம் ஊர்மேல் விழாதபடி திருப்பிக்கொண்டுபோய்ச் சாகிறான். மகன் அப்பனைக் காகிதத்தில் கொன்றிருக்கிறான், ஆனால் வீரனாகக் கொன்றிருக்கிறான். நிஜ வாழ்க்கையில் நடந்ததைவிடக் குறைத்துத்தான் எழுதினேன் என்று கான்ராய் பிற்பாடு சொன்னார்.

புத்தகம் வந்ததும் குடும்பத்தில் பூகம்பம். அப்பா வழி உறவுகள் கொதித்தன. அம்மா விவாகரத்து வழக்கில் அந்த நாவலையே ஆதாரமாக நீதிபதியிடம் கொடுத்தார். இதுவரைக்கும் எதிர்பார்க்கக்கூடியதுதான். எதிர்பாராதது அப்பா செய்த காரியம். மகன் எழுதியது பொய் என்று நிரூபிக்க அவர் கண்டுபிடித்த ஒரே வழி, நல்ல மனிதராக மாறுவது! ரோஷத்தில் தொடங்கிய அந்த மாற்றம் மெல்ல மெல்ல நிஜமானது. கார் நம்பர் பலகையில் சான்டினி பெயரையே போட்டுக்கொண்டார். மகன் கையெழுத்துப் போடும் நிகழ்ச்சிகளுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தானும் கையெழுத்துப் போட்டார். 1976ல் வந்த நாவலில் செத்த மனிதர் 1998 வரை உயிரோடு இருந்து மகனோடு ஊர் சுற்றினார். இறுதிச் சடங்கில் மகன் வாசித்த புகழுரை அவருடைய சிறந்த பக்கங்களில் ஒன்று. 2013ல் 'த டெத் ஆஃப் சான்டினி' என்ற நினைவுநூலில் இந்த முழுக்கதையையும், அடி உட்பட, நாவல் என்ற திரை இல்லாமல் எழுதினார்.

இப்போது வாசகர்கள் பக்கம் வாருங்கள். கான்ராயின் கையெழுத்து வரிசைகள் தெற்கில் பிரசித்தம். ஒரு புத்தகத்துக்கு அரை நிமிஷம் என்று கணக்கு வைத்து நகர்த்துகிற ஆள் அல்ல அவர். வந்தவரின் பெயர், ஊர், படித்த பள்ளி, அம்மா அப்பா என்று விசாரிப்பார். கடைசி ஆள் போகும்வரை மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார். அந்த வரிசையில் நின்றவர்களில் நிறையப் பேர், வேறு யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னார்கள்: "என் அப்பாவும் அப்படித்தான்." ராணுவக் குடியிருப்புகளில் வளர்ந்தவர்கள் இதில் அதிகம். வீட்டில் நடந்ததற்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டதாக அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அந்த வரிசையில் சொன்னதைத்தான் 2016ல் அவர்கள் எழுத்தில் திரும்பச் சொன்னார்கள். அதனால் அவை அஞ்சலியிலிருந்து விலகிப் போனவை அல்ல. அவர்கள் செய்த அஞ்சலியே அதுதான்.

இதையும் சொல்லியாக வேண்டும்: எல்லாரும் அவரோடு சமாதானமாகவில்லை. கவிஞரான அவருடைய தங்கை, தன் நோயையும் வாழ்க்கையையும் அண்ணன் நாவலுக்கு எடுத்துக்கொண்டதை மன்னிக்கவில்லை. 'த பிரின்ஸ் ஆஃப் டைட்ஸ்' நாவலில் வரும் சவானா என்ற பாத்திரத்தை யார் படித்தாலும் அது யார் என்று தெரிந்துவிடும். அந்த விரிசல் கடைசிவரை சரியாகவில்லை. கான்ராயும் பலமுறை மனம் உடைந்து சிகிச்சைக்குப் போனவர். கடைசித் தம்பி 1994ல் தற்கொலை செய்துகொண்டார். 'உண்மையைச் சொன்னார், எல்லாம் சரியாகிவிட்டது' என்று இவரைப் பற்றிச் சிலர் எழுதும்போது எனக்கு எரிச்சல் வரும். எழுதுவதற்கு விலை உண்டு. அதில் ஒரு பங்கை எழுதாதவர்களும் கட்டினார்கள்.

அடுத்தது கல்லூரி. சார்ல்ஸ்டன் நகரத்தின் சிட்டடெல் ஒரு ராணுவப் பாணிக் கல்லூரி. அப்பா விருப்பப்படி அங்கே சேர்ந்து 1967ல் பட்டம் பெற்றார். முதலாண்டு மாணவர்களை மூத்தவர்கள் கத்தி, பட்டினி போட்டு, தூங்கவிடாமல் உடைத்தெடுக்கும் முறை அங்கே சம்பிரதாயம். அதை வைத்து 1980ல் 'த லார்ட்ஸ் ஆஃப் டிசிப்ளின்' எழுதினார். கல்லூரியின் பெயரை மாற்றியிருந்தாலும் எல்லாருக்கும் புரிந்தது. முதல் கறுப்பின மாணவனைத் துரத்தியடிக்க ஒரு ரகசியக் கூட்டம் வேலை செய்கிறது. அவனைப் பாதுகாக்கும் பொறுப்பு கதைசொல்லிக்கு. சிட்டடெலில் நிஜமாகவே முதல் கறுப்பின மாணவர் சேர்ந்தது 1966ல், கான்ராயின் கடைசி ஆண்டில். கல்லூரி கடும்கோபம் கொண்டது. அந்த நாவலின் படத்தைக் கல்லூரி வளாகத்தில் எடுக்க முடியாமல் இங்கிலாந்தில் ஒரு பள்ளியில் போய் எடுத்தார்கள். பழைய மாணவர்கள் இருபது வருஷம் அவரைத் துரோகி என்றார்கள். போதாததற்கு, 1990களில் ஷானன் ஃபாக்னர் என்ற பெண் சிட்டடெலில் சேர வழக்குப் போட்டபோது கான்ராய் அவர் பக்கம் பகிரங்கமாக நின்றார். ஷானன் 1995ல் சேர்ந்து ஒரு வாரத்துக்குள் வெளியேற நேர்ந்தது. பிறகு அவருடைய படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டவர் கான்ராய்.

சிட்டடெல் 2000ல் அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது. மறுவருஷம் பட்டமளிப்பு விழாவில் பேச அழைத்தார்கள். அந்தப் பேச்சில் 2001ஆம் ஆண்டு மாணவர்கள் எல்லாரையும் தன் சவ அடக்கத்துக்கு வரும்படி அழைத்தார். வாசலில் யாராவது தடுத்தால், கல்லூரி மோதிரத்தை அணிந்தவன் நான் என்று சொல்லுங்கள், அதுதான் நுழைவுச்சீட்டு என்றார். கல்லூரியைக் கோபப்படுத்திய அந்த நாவலின் முதல் வாக்கியமும் அதுதான். சிரித்துக் கைதட்டினார்கள், அத்தோடு விட்டிருக்கலாம். 2016 மார்ச் 8ல் பியூஃபோர்டின் புனித பேதுரு ஆலயத்தில் அடக்கத் திருப்பலி நடந்தபோது அந்த ஆண்டு மாணவர்களில் பலர் மோதிரத்தோடு வந்து நின்றார்கள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மேடையில் கேட்ட வேடிக்கை வேண்டுகோள். அதை இவ்வளவு பேர் பொருட்படுத்தினார்கள் என்றால், அந்தக் கல்லூரிக்கும் அவருக்கும் நடுவில் இருந்ததை வெறும் பகை என்று சொல்ல முடியாது.

அவருடைய சாவும் திடீரென்று வந்ததுதான். கணையப் புற்றுநோய் என்று 2016 பிப்ரவரி 15ல் வாசகர்களுக்கு அவரே ஃபேஸ்புக்கில் எழுதினார். இன்னொரு நாவல் பாக்கி இருக்கிறது, கடுமையாகப் போராடுவேன் என்கிற தொனியில். மார்ச் 4ல் போய்விட்டார். வயது 70. மூன்றாவது மனைவி கசாண்ட்ரா கிங், அவரும் நாவலாசிரியர், கூட இருந்தார். அடக்கம் செய்தது பக்கத்துத் தீவான செயின்ட் ஹெலினாவில், பென் சென்டருக்கு அருகே. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட மக்களுக்காக 1862ல் தொடங்கிய பள்ளி அது. வெள்ளைக்கார ராணுவ வீட்டுப் பையன் கடைசியில் அங்கே போய்ப் படுத்ததற்குக் காரணம் புரிய வேண்டுமென்றால் டஃபஸ்கி தீவுக்குப் போக வேண்டும்.

டஃபஸ்கிக்குப் பாலம் கிடையாது, இன்றும் கிடையாது. 1969ல் அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் கல்லா மக்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள், தனி மொழிவழக்கு கொண்டவர்கள். அந்தத் தீவுப் பள்ளிக்கு ஆசிரியராகப் போன கான்ராய் அதிர்ந்துபோனார். பல வருஷம் பள்ளிக்கு வந்தும் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைகள். தங்கள் தீவைச் சுற்றியிருப்பது எந்தக் கடல் என்று தெரியாத பிள்ளைகள். பாடப்புத்தகத்தை ஓரம் வைத்துவிட்டு இசைத்தட்டு போட்டார், படம் காட்டினார், வாஷிங்டனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிரம்பை எடுக்க மறுத்தார். தினமும் படகில் போய்வந்த பெட்ரோல் செலவு, மேலதிகாரி சொல் கேட்காதது என்று காரணம் சொல்லி ஒரே வருஷத்தில் வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். வழக்குப் போட்டார், தோற்றார். 'த வாட்டர் இஸ் வைட்' என்ற பெயரில் 1972ல் அதை எழுதினார். பிள்ளைகள் வாயில் அவர் பெயர் 'கான்ராக்' என்று வந்ததால் 1974ல் எடுத்த படத்துக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள்.

ஆசிரியர்கள் எழுதிய அஞ்சலிகள் இந்தப் புத்தகத்திலிருந்து வந்தவை. அவர்களுக்கு அவர் சக ஊழியர். 2007ல் மேற்கு வர்ஜீனியாவில் கனாவா மாவட்டப் பள்ளிகளில் அவருடைய இரண்டு நாவல்களுக்குப் பெற்றோர் எதிர்ப்புக் கிளம்பியது. ஒரு மாணவி அவருக்குக் கடிதம் எழுதினார். கான்ராய் அந்த ஊர்ப் பத்திரிகைக்கே பதில் எழுதி அனுப்பினார்: நீங்கள் தடை போட்டதால் இனி மாவட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள், நன்றி என்கிற கிண்டலோடு. அதைவிட அந்தக் கடிதத்தில் அதிக இடம் பிடித்தவர் அவருடைய சொந்த ஆங்கில ஆசிரியர் ஜீன் நாரிஸ். பியூஃபோர்ட் பள்ளியில் அமெரிக்க நாவலாசிரியர் தாமஸ் உல்ஃபின் எழுத்தைக் கான்ராய் கையில் கொடுத்தவர். ஆஷ்வில்லில் உல்ஃப் வளர்ந்த வீட்டுக்கே பையனைக் காரில் கூட்டிப்போனவர். அடிக்காத ஓர் ஆண் எப்படி இருப்பார் என்று அந்தப் பையன் தெரிந்துகொண்டது அவரிடம்தான். நாரிஸ் சாகும்வரை கான்ராய் அவரோடு தொடர்பு விடவில்லை.

உல்ஃபைச் சொன்னதும் நடை பற்றியும் சொல்லிவிடுகிறேன். கான்ராய் அளவு தெரியாதவர். ஓர் உணர்ச்சிக்கு ஒரு வாக்கியம் போதும் என்ற இடத்தில் ஆறு எழுதுவார்; கல்யாணப் பந்தியில் போதும் போதும் என்று கை மறைத்தாலும் இன்னொரு கரண்டி போடுகிறவர் மாதிரி. அமெரிக்க விமர்சகர்கள் இதற்காக அவரை நன்றாகவே சாத்தினார்கள், பல இடங்களில் அது நியாயமும்கூட. 'பீச் மியூசிக்' (1995) நாவலில் தற்கொலை, யூதப் படுகொலை, வியட்நாம் போராட்டம், ரோமில் பயங்கரவாதத் தாக்குதல், அம்மாவின் புற்றுநோய் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. எனக்குப் பாதியிலேயே மூச்சு முட்டியது. ஆனால் சதுப்பு, இறால் படகு, அலையேற்றம் என்று வரும்போது அதே தாராளம் வரமாகிவிடுகிறது. அந்த நிலமே அப்படி மிதமிஞ்சியதுதான். மஞ்சள் தாளில் கையாலேயே எழுதினார். தட்டச்சு ஆண்பிள்ளை கற்கும் வேலையில்லை என்று அப்பா வகுப்புக்கு அனுப்பவில்லையாம்.

சரி, எதிலிருந்து படிப்பது?

'த வாட்டர் இஸ் வைட்' முதலில். சின்னது, இளமைத் திமிரோடு எழுதியது. தன்னைக் கொஞ்சம் அதிகமாகவே ஹீரோவாக்கியிருக்கிறார், பரவாயில்லை. அடுத்து 'த கிரேட் சான்டினி'யையும் 'த டெத் ஆஃப் சான்டினி'யையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படியுங்கள். நடுவில் 37 வருஷம். ஒரே அப்பா, இரண்டு மகன்கள் எழுதியது போல இருக்கும். விளையாட்டு பிடிக்குமென்றால் 'மை லூசிங் சீசன்' (2002): 25 ஆட்டங்களில் 8ல் மட்டும் ஜெயித்த கல்லூரிக் கூடைப்பந்து அணியைப் பற்றிய புத்தகம். என் கணக்கில் அவர் எழுதியதிலேயே மிகவும் அளவோடு அமைந்தது இதுதான். பழைய சக வீரர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய்ப் பேசி எழுதியிருக்கிறார். அதில் ஒருவர் வியட்நாமில் சிறைப்பட்டுத் திரும்பியவர். போரை எதிர்த்து ஊர்வலம் போன கான்ராய், அவர் எதிரில் உட்கார்ந்து தன் இளமையைத் திரும்பப் பார்க்கும் பக்கங்களுக்காகவே வாங்கலாம்.

'த பிரின்ஸ் ஆஃப் டைட்ஸ்' (1986) கடைசியில் போதும். பெயர் வாங்கித் தந்தது அதுதான், பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட் எடுத்த 1991 படத்துக்கு ஏழு ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன. திரைக்கதைக்காகக் கான்ராய் பெயரும் அதில் உண்டு. ஆனால் படத்தைப் பார்த்துவிட்டு நாவல் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். படம் மனநல மருத்துவருக்கும் கதைசொல்லிக்கும் நடுவில் வரும் காதலோடு நியூயார்க்கில் நின்றுவிடுகிறது. நாவலில் பெரிய அண்ணன் லூக் இருக்கிறான். அணு ஆயுதத்துக்கான புளூட்டோனியம் தயாரிக்க அரசாங்கம் ஊரையே காலி செய்யச் சொல்லும்போது சதுப்புக்குள் புகுந்து ஒற்றை ஆளாகச் சண்டை போடுகிறான். 1950களின் தொடக்கத்தில் தென் கரோலினாவில் எலன்டன் என்ற ஊரை இதே காரணத்துக்காக நிஜமாகவே காலி செய்தார்கள். படத்தில் லூக் பெயரளவுக்குத்தான் வருகிறான். தலைப்பில் இருக்கும் இளவரசன் அவன்தான்.